முடிவிலிக் கம்பியும் மட்டக்களப்பு வானமும்

உயர்தரப் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைக்கு நீண்ட நேர்கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கணிப்பது அரை நிமிட வேலை. அம்பியரில் உள்ள மின்னோட்டத்தை மீற்றரில் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். வருவதைக் கோடியில் இரண்டு பங்கால் பெருக்கினால் விடை தெஸ்லாவில் கிடைத்துவிடும். தூரம் இரட்டித்தால் புலம் பாதியாகும். புலம் கம்பியைச் சுற்றி வட்டமாகப் போகும். வலது கைப் பெருவிரலை ஓட்டத்தின் பக்கம் நீட்டினால் மற்ற விரல்கள் மடங்கும் பக்கமே அதன் திசை. பாடம் இதோடு முடிந்துவிட்டதாகவே பெரும்பாலும் எண்ணுகிறோம். இந்த விடை இவ்வளவு எளிதாக வருவதே அது பலவற்றை மறைத்துவிடுவதால்தான் என்பது என் வாதம். ஓட்டம் எவ்வளவு அகலமானது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்ற கேள்விகளையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் அந்தச் சூத்திரம் அவ்வளவு மெலிந்து நிற்கிறது. அந்தக் கேள்விகளைத் திரும்ப எழுப்பிப் பார்க்க வாய்ப்பான இடங்கள் உலகில் அதிகமில்லை. மட்டக்களப்பு வாவிக்கரை அவற்றுள் ஒன்று.

காரணம், இங்கே காந்த ஊசி கிடக்கும் கிடை. பூமியின் காந்தப்புலம் நிலத்துக்குச் சமாந்தரமாகப் படுக்கும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்கிறோம். அது தென்னிந்தியாவின் நுனியையும் இலங்கையையும் கடந்து போகிறது. ஆகவே மட்டக்களப்பில் ஓர் ஊசியை நடுவில் கட்டித் தொங்கவிட்டால் அது ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். இங்குள்ள புலத்தின் வலிமை சுமார் 40 மைக்ரோதெஸ்லா, அத்தனையும் வடக்கு நோக்கியே. லண்டனில் அதே ஊசி நிலத்துக்குள் 66 பாகை சரிந்து குத்தி நிற்கும். அங்கே மொத்தப் புலம் 49 மைக்ரோதெஸ்லாவாக இருந்தாலும் திசைகாட்டியைத் திருப்பும் கிடைக்கூறு 20 அளவுதான். இப்போது 10 அம்பியர் பாயும் நிலைக்குத்துக் கம்பி ஒன்றுக்கு வடக்கே 5 சென்ரிமீற்றரில் ஒரு திசைகாட்டியை வையுங்கள். சூத்திரப்படி கம்பியின் புலமும் 40 மைக்ரோதெஸ்லா. இரண்டும் சமன் என்பதால் மட்டக்களப்பில் ஊசி சரியாக 45 பாகை திரும்ப வேண்டும். லண்டனில் அது 63 பாகை திரும்பும். மேற்கத்திய நூல்களைப் பார்த்து அமைத்த செய்முறைகளின் எதிர்பார்ப்பு எண்கள் இங்கே பொருந்தாமல் போவதற்கு இதுவே போதுமான காரணம். கூடவே, கிடைப்புலம் இவ்வளவு வலுவாகவும் நிலைக்குத்துக்கூறு இவ்வளவு அற்பமாகவும் இருக்கும் இடத்தில் ஊசியின் தட்டு சாய்ந்து உரசும் தொல்லையும் குறைவு.

ஆனால் 10 அம்பியரைப் பள்ளிக்கூட மேசையில் எடுப்பது எளிதல்ல. ஒரு மீற்றர் பக்கமுள்ள சதுர மரச்சட்டத்தில் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி 1 அம்பியர் விட்டால், சட்டத்தின் ஒரு நிலைக்குத்துப் பக்கம் 10 அம்பியர் நேர்கம்பியாக வேலை செய்யும். சட்டத்தை வடக்குத் தெற்காக நிறுத்தி, அந்தப் பக்கத்தின் நடு உயரத்தில், 5 சென்ரிமீற்றர் தள்ளித் திசைகாட்டியை வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். சூத்திரம் சட்டத்துக்கு உள்ளே வைத்தாலும் வெளியே வைத்தாலும் 45 பாகை என்கிறது. மீதி மூன்று பக்கங்களையும் சேர்த்துக் கணித்தால் உள்ளே 48 பாகை, வெளியே 42 பாகை வருகிறது. மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் தூரத்துப் பக்கமும் உள்ளே புலத்தைக் கூட்டுகின்றன, வெளியே கழிக்கின்றன. ஆறு பாகை வித்தியாசத்தை மலிவான திசைகாட்டியிலும் கண்ணால் படிக்கலாம். செய்முறைக் கொப்பியில் ‘வழு’ என்று எழுதி மூடிவிடுகிற அந்த ஆறு பாகைக்குள் ஓட்டம் திரும்பி வரும் வழி முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த விதி பிறந்த கதையும் இதையே சொல்கிறது. 1820 ஜூலையில் கோப்பன்ஹேகனில் ஏர்ஸ்டெட் மின்னோட்டம் ஊசியைத் திருப்புவதை வெளியிட்டார். அதே ஆண்டு ஒக்ரோபர் 30 அன்று பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் பியோவும் சவாரும் தங்கள் அளவீட்டைச் சமர்ப்பித்தார்கள். அவர்கள் ஊசி திரும்பும் கோணத்தை நம்பவில்லை. நிலைக்குத்தான நீண்ட கம்பிக்கு அருகே சிறு காந்தம் ஒன்றைத் தொங்கவிட்டு, பூமியின் புலத்தை வேறொரு காந்தத்தால் தணித்துவிட்டு, தொங்கும் காந்தம் ஆடும் காலத்தை எண்ணினார்கள். புலம் வலுத்தால் ஆட்டம் விரையும். ஆடுகாலத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகப் புலம் மாறும். அந்த எண்ணிக்கையிலிருந்துதான் புலம் தூரத்துக்கு நேர்மாறு என்ற விதி வந்தது. அடுத்த கேள்வி இயல்பானது. முழுக் கம்பியும் இப்படி நடந்துகொண்டால் அதன் ஒவ்வொரு துணுக்கும் எப்படி நடந்துகொள்கிறது? இந்த இடத்தில்தான் நேர்கம்பி நம்மைக் கைவிடுகிறது.

ஏன் கைவிடுகிறது என்பதைச் சூத்திரமில்லாமலே பார்க்கலாம். புலத்தை அளக்கும் புள்ளியில் நின்று கம்பியைப் பாருங்கள். பார்வைக் கோணத்தை ஒரு பாகை ஒரு பாகையாக வெட்டிக் கம்பியைத் துண்டுகளாக்குங்கள். இப்போது கம்பியை இரண்டு மடங்கு தூரத்துக்குத் தள்ளுங்கள். அதே ஒரு பாகைக்குள் இப்போது இரட்டை நீளக் கம்பி அடங்கும். ஆனால் ஒவ்வொரு துண்டும் இரட்டைத் தூரத்தில் இருப்பதால், துணுக்கின் விளைவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு என்றால், அது காற்பங்காகும். இரண்டு மடங்கில் காற்பங்கு என்பது பாதி. ஒவ்வொரு பாகையிலும் பாதி என்றால் மொத்தமும் பாதி. இந்த வாதத்தில் துணுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாய்வுக் கோணத்தோடு விளைவு எப்படி மாறினாலும் முடிவிலிக் கம்பி அதே விடையைத்தான் தரும். கோணத்தின் சைன் என்று இன்று நாம் எழுதும் சரியான விதியும், வாய்க்கு வந்த எந்தப் பிழையான விதியும் நேர்கம்பிக்கு முன்னால் ஒன்றுதான். ஆகவே கம்பியை வளைக்க வேண்டியிருந்தது. பியோவும் சவாரும் கம்பியை மூலையாக மடித்து அளந்தார்கள். அந்த மடித்த கம்பிக்கு முதலில் சொன்ன கோண விதி பிழையாகிப் பின்னர் திருத்தப்பட்டது. லாப்லாஸின் கணிதம் துணைக்கு வந்த பிறகே துணுக்கு விதி இன்றைய வடிவத்தை அடைந்தது. நேராக இருந்தவரை சாட்சி சொல்லாத கம்பி வளைந்த பிறகே வாய் திறந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. முடிவிலிக் கம்பி இவ்வளவு ஊமையென்றால் உலகம் அம்பியர் என்ற அலகையே அதன்மேல் எப்படி நிறுத்தியது? 1948 முதல், வெற்றிடத்தில் ஒரு மீற்றர் இடைவெளியில் கிடக்கும் இரண்டு முடிவில்லாத மெல்லிய நேர்கம்பிகள் மீற்றருக்குக் கோடியில் இரண்டு நியூற்றன் விசையை ஒன்றின்மேல் ஒன்று செலுத்தச் செய்யும் ஓட்டமே ஓர் அம்பியர் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. கோடியில் இரண்டு என்ற எண் நம் கணக்குக்குள் வந்ததும் இப்படித்தான். ஆனால் அந்த வரையறையை எந்த ஆய்வுகூடமும் இரண்டு நேர்கம்பிகளை வைத்து நிறைவேற்றவில்லை. சுருள்களைத் தராசில் தொங்கவிட்டு, சுருளின் வடிவத்துக்குத் துணுக்கு விதியால் கணக்குப் போட்டு, அங்கிருந்து நேர்கம்பிக்குத் திரும்பி வந்தார்கள். வரையறை நேர்கம்பியில் இருந்தது. அறிவு வளைந்த கம்பியில் இருந்தது. 2019 மே 20 முதல் அந்த வரையறையும் போய்விட்டது. இப்போது இலத்திரனின் மின்னேற்றத்துக்கு ஒரு நிலையான எண் கொடுத்து அம்பியர் அதிலிருந்து பெறப்படுகிறது. கோடியில் இரண்டு என்பது அளந்து சரிபார்க்க வேண்டிய எண்ணாகியிருக்கிறது. மிக மிக நுண்ணிய அளவில் மட்டுமே அது பிசகக்கூடும். ஆனாலும் அதன் தகுதி மாறிவிட்டது.

அம்பியரின் சுற்று விதியை வைத்துக்கொண்டு இன்னொரு மறுப்பும் எழும். கம்பியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, வட்டம் முழுதும் புலம் ஒரே அளவு என்று சொல்லி, உள்ளே பாயும் ஓட்டத்தோடு சமன்படுத்தினால் ஒரே வரியில் விடை வந்துவிடுகிறதே, துணுக்குகளைக் கூட்டுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே வரி என்பது உண்மைதான். அந்த வரியை ஒரு மீற்றர் நீளத் தனிக் கம்பிக்குப் போட்டுப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து 50 சென்ரிமீற்றர் தூரத்தில் துணுக்கு விதி, முடிவிலி விடையில் 71 சதவீதம்தான் என்கிறது. சுற்று விதியோ நீளத்தைப் பற்றிக் கேட்காமல் முழு விடையையும் தருகிறது. இரண்டும் சரியாக இருக்க முடியாது. மக்ஸ்வெல் கண்டது இதுதான்: துண்டுக் கம்பியில் ஓட்டம் பாய வேண்டுமானால் அதன் இரு முனைகளிலும் மின்னேற்றம் குவிந்துகொண்டே போக வேண்டும், குவியும் மின்னேற்றத்தின் மின்புலம் மாறுகிறது, அந்த மாற்றமும் ஓட்டம்போலக் கணக்கில் சேர வேண்டும். அது வட்டத்தினூடாக எதிர்ப்பக்கம் போய் மீதி 29 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. இடியும் மின்னலுமாக இருக்கும் சித்திரை மாதத்துப் பின்னேரங்களில் வாவிக்கு மேலே இந்தக் கணக்கு உயிரோடு நடக்கிறது. மின்னல் என்பது மேகத்தில் ஒரு முனையும் நிலத்தில் ஒரு முனையுமாக நிற்கும் துண்டுக் கம்பி. 30,000 அம்பியர் பாயும் மின்னலுக்கு 100 மீற்றர் தூரத்தில் எளிய சூத்திரம் 60 மைக்ரோதெஸ்லா சொல்கிறது; ஒரு கண நேரத்துக்குப் பூமியின் புலத்தையே மிஞ்சும் அளவு. அவ்வளவு கிட்டத்தில் அந்தக் கணக்கு ஏறத்தாழச் சரி. பல கிலோமீற்றர் தள்ளிப் போனால் முனைகள் குறுக்கிடும். நேர்கம்பிச் சூத்திரம் செல்லாது.

வீட்டுக் கம்பிகளையும் தெருக் கம்பிகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே திரும்பும் கம்பி பக்கத்திலேயே இருக்கிறது. 10 அம்பியர் போகும் கம்பிக்கு ஒரு சென்ரிமீற்றர் தள்ளி அதே ஓட்டம் திரும்பி வந்தால், ஒரு மீற்றரில் தனிக் கம்பிக்குரிய 2 மைக்ரோதெஸ்லா நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். படுவான்கரை வயல்களைக் கடந்து போகும் மூன்று கம்பி மின்வழியிலும் மூன்று ஓட்டங்களும் எந்தக் கணத்திலும் ஒன்றையொன்று ஏறக்குறையச் சமப்படுத்துவதால் புலம் தூரத்தின் வர்க்கத்தோடு விழுகிறது. தனிக் கம்பிச் சூத்திரத்தை எடுத்து மின்வழிக்கு அடியில் நின்று பயப்படுவது கணக்கறியாத பயம்.

தனிக் கம்பிக்கு மிக நெருக்கமான ஓர் ஓட்டம் மட்டக்களப்பில் உண்டென்றால் அது தரையில் இல்லை. தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பகலும் காந்த நடுக்கோட்டின் வழியே மேற்கிலிருந்து கிழக்காக அயனமண்டலத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. 1951 இல் சிட்னி சப்மன் இதற்கு ‘எலெக்ட்ரோஜெட்’ என்று பெயரிட்டார். இங்கே மின்தாரை என்று சொல்கிறேன். காலையில் தொடங்கி, நண்பகலையொட்டி உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது அடங்கும். சில நாட்களில் பிற்பகலில் மேற்கு நோக்கித் திரும்புவதும் உண்டு. இதன் பரப்பு நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் மூன்று பாகை அளவு. மட்டக்களப்பு அந்தப் பட்டைக்குள் இருக்கிறது. ஏன் இங்கே மட்டும்? பகல் வெயிலில் பிரிந்த அயன்களும் இலத்திரன்களும் அந்த உயரத்தில் நிறைந்திருக்கின்றன. கிழக்கு நோக்கிய மெல்லிய மின்புலம் ஒன்று அவற்றை இழுக்கிறது. பூமியின் காந்தப்புலம் கிடையாக இருப்பதால் இலத்திரன்கள் மேல்நோக்கி விலகப் பார்க்கின்றன. படலத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மின்னேற்றம் சேர்ந்து அந்த நகர்வைத் தடுக்கிறது. அப்படிச் சேர்ந்த மின்னேற்றத்தின் நிலைக்குத்துப் புலம் இலத்திரன்களை மேற்குப் பக்கமாக ஓட்டுகிறது. இலத்திரன் மேற்கே போனால் ஓட்டம் கிழக்கே போகிறது. முதலில் இருந்ததைவிடப் பல மடங்கு பெரிதாக. புலம் சற்றே சாய்ந்திருக்கும் இடங்களில் சேர்ந்த மின்னேற்றம் புலக்கோடுகள் வழியே வடிந்துவிடும், தாரை எழாது. வாவிக்கரையில் ஊசி கிடையாக நிற்பதும் வானத்தில் இந்த ஓட்டம் நேராக ஓடுவதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். வேறெந்த ஊர்ப் பாடநூலுக்கும் வாய்க்காத உதாரணம் நமக்கு வாய்த்திருக்கிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓட்டம் 50,000 அம்பியர் என்று வைத்துக்கொண்டு, அதை 105 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு மெல்லிய கம்பியாக நினைத்தால், நேர் கீழே புலம் 95 நனோதெஸ்லா. திசை வடக்கு. பூமியின் புலத்தோடு அது கூடும். நண்பகலில் நடுக்கோட்டு நிலையங்களில் கிடைப்புலம் சில பத்து முதல் நூறு நனோதெஸ்லா வரை உயர்வது வழக்கமென்பதால் விடை சரிபோலவே தெரிகிறது. ஆனால் அது கம்பி அல்ல, நாடா. அதே 50,000 அம்பியரை 600 கிலோமீற்றர் அகலத்துக்குச் சீராகப் பரப்பிக் கணித்தால் நேர் கீழே 41 நனோதெஸ்லாதான் வரும். விளிம்பில் ஓடும் ஓட்டங்கள் தொலைவிலும் சாய்விலும் இருப்பதால் அவற்றின் பங்கு குறைந்துபோகிறது. ஆக, 95 நனோதெஸ்லாவை அளந்தவர் கம்பி என்று நம்பினால் ஓட்டம் 50,000 அம்பியர் என்பார். நாடா என்று நம்பினால் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பார். ஊசி இரண்டு பேரோடும் ஒத்துப்போகிறது. ஓட்டத்திலிருந்து புலத்துக்குப் போக ஒரே வழிதான் உண்டு. புலத்திலிருந்து ஓட்டத்துக்குத் திரும்பி வரப் பல வழிகள் உண்டு. பாடநூல்கள் முதல் பயணத்தை மட்டுமே கற்பிக்கின்றன. வானத்து ஓட்டத்தை எந்த அம்பியர்மானியையும் தொடராக இணைத்து அளக்க முடியாது. அங்கே இரண்டாவது பயணம் மட்டுமே இருக்கிறது.

விஞ்ஞானிகள் அந்த இரண்டாவது பயணத்தை எப்படி முடித்தார்கள் என்பது நம் பக்கத்துக் கதை. பெரு நாட்டின் ஹுவன்காயோவில் 1922 இல் தொடங்கிய ஆய்வகத்தில்தான் கிடைப்புலத்தின் பகல் எழுச்சி மற்ற இடங்களைவிட மிகப் பெரிதாக இருப்பது முதலில் தெளிவாகப் பட்டது. சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டையொட்டி 1957 இல் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்த ஆய்வகங்கள் எழுந்தன. கொடைக்கானலும் மும்பைக்கு அருகே அலிபாக்கும் ஏற்கெனவே இருந்தன. ஒரே நண்பகலில் திருவனந்தபுரத்தில் எழுச்சி பெரிது, கொடைக்கானலில் குறைவு, அண்ணாமலைநகரில் இன்னும் குறைவு, அலிபாக்கில் மிகக் குறைவு. ஒரு புள்ளியில் ஊமையாக இருந்த புலம், தெற்கு வடக்காக வரிசைப்படுத்தியபோது தாரையின் அகலத்தைச் சொல்லத் தொடங்கியது. அதன் உயரத்தைத் தரையிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ரொக்கெட் கிளம்பியது. தும்பாவைத் தேர்ந்ததற்குக் காந்த நடுக்கோடே காரணம். அடுத்த ஆண்டு காந்தமானி ஏந்திய ரொக்கெட்டுகள் அங்கிருந்து அந்த ஓட்டத்தை ஊடறுத்துப் போயின. தாரைக்குக் கீழே அதன் புலம் வடக்கு நோக்கும். மேலே தெற்கு நோக்கும். புலம் திசை மாறும் உயரமே ஓட்டம் இருக்கும் உயரம். குறுக்கே கடந்து போன பிறகுதான் ஐயம் தீர்ந்தது.

விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பும் இந்த வகை ஆராய்ச்சிக்கு வாவிக்கரையில் ஏற்கெனவே ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். காரைதீவில் 1892 இல் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, விஞ்ஞானம் கற்பித்து, பின்னர் துறவியான சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன யாழை மீட்கப் புறப்பட்டபோது அவர் கையில் கருவி இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதன் உரையும்தான் இருந்தன. இசையின் விவரணையிலிருந்து நரம்புகளின் எண்ணிக்கைக்கும் சுருதிக் கணிதத்துக்கும் கருவியின் வடிவத்துக்கும் அவர் பின்னோக்கிப் போனார். 1947 இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ அந்தப் பயணத்தின் பதிவு. ஒரே விவரணைக்குப் பல கருவிகள் பொருந்தக்கூடும் என்பதால், ஒவ்வொரு படியிலும் எதைத் தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்று காட்ட வேண்டிய வேலை அது. தமிழில் கணிதத்தோடு செய்யப்பட்ட பின்னோக்கு ஆராய்ச்சிக்கு அதைவிட மேலான முன்மாதிரியை நான் அறியேன். விஞ்ஞானப் பாடத்தில் அதைச் சொல்லாமல் தமிழ்ப் பாடத்தோடு நிறுத்திக்கொள்வது நமக்குத்தான் நட்டம்.

மறுப்புகளில் நியாயமானது ஆசிரியர்களிடமிருந்து வருவது. முதலில் எளியது, பிறகு கடினமானது என்பதே கற்பித்தலின் ஒழுங்கு. முடிவிலிக் கம்பியே புரியாத பிள்ளையிடம் நாடாவையும் முனைகளையும் கொண்டுபோனால் குழம்பிவிடாதா? ஒழுங்கு சரிதான். ஆனால் எளியதைச் சொல்லும்போதே அது ஏன் எளியது என்று சொல்வதற்குக் கூடுதல் கணிதம் வேண்டியதில்லை. மேலே காட்டிய ஒரு பாகைத் துண்டு வாதத்துக்குத் தொகையீடு தேவைப்படவில்லை. சட்டத்துக்கு உள்ளும் வெளியும் திசைகாட்டியை நகர்த்தப் பத்து நிமிடம் போதும். பரீட்சையில் இது வராதே என்பவர்களுக்கும் பதில் உண்டு. இரண்டு சமாந்தரக் கம்பிகள், சதுரத் தடம், அரைவட்டக் கம்பி என்று வினாத்தாள் கேட்பதெல்லாம் நேர்கம்பியின் எளிமை எங்கே உடைகிறது என்ற கேள்வியின் வெவ்வேறு உடுப்புகள்தான். உடையும் இடத்தைத் தெரிந்த பிள்ளைக்கு அவை தனித்தனிக் கணக்குகளாகத் தோன்றாது.

மின்தாரையைப் பள்ளிக்கூடத்திலேயே கண்டுவிடலாம் என்று ஆர்வத்தில் சொல்லிவிடக் கூடாது. அது எவ்வளவு மெல்லியது என்பதும் பாடத்தின் பகுதி. 80 நனோதெஸ்லா எழுச்சி என்பது 40 மைக்ரோதெஸ்லாவில் 0.2 சதவீதம். தாரையின் புலம் வடக்கு நோக்கியே கூடுவதால் ஊசி திரும்பவே திரும்பாது. பியோவும் சவாரும் செய்ததுபோல ஆட்டத்தை எண்ணினால், ஆடுகாலம் 0.1 சதவீதம் குறையும். 4 செக்கனுக்கு ஒருமுறை ஆடும் காந்தம் ஆயிரம் ஆட்டத்தில் 4 செக்கன் முந்தும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் கறுப்பு பெரைற்றுக் காந்தம் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் தன் வலிமையில் சுமார் 0.2 சதவீதத்தை இழக்கும். மதிய வெக்கையில் ஒரு பாகை ஏறினால் போதும், வானத்து ஓட்டம் முழுவதும் கணக்கிலிருந்து அழிந்துவிடும். அலைபேசிக்குள் இருக்கும் காந்த உணரியும் 0.1 மைக்ரோதெஸ்லாவை ஒட்டியே தடுமாறும். கல்லடியின் 1924 ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலத்தின் பக்கம் போனால் அதன் இரும்பு ஒன்றே எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே இது பல்கலைக்கழகக் கருவிகளுக்குரிய வேலை. நல்ல காந்தமானியும், வாகனப் போக்குவரத்து இல்லாத வளவும், வெப்பம் மாறாத அறையும் வேண்டும்.

அந்த வேலைக்கு இடங்கள் இயற்கையாகவே அமைந்திருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. அதன் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், வடக்கே சுமார் 95 கிலோமீற்றரில். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், தெற்கே சுமார் 55 கிலோமீற்றரில். மூன்றும் ஏறத்தாழ ஒரே வடக்குத் தெற்குக் கோட்டில் தாரையைக் குறுக்கே வெட்டுகின்றன. தாரையின் அச்சு வந்தாறுமூலைக்கு நேர் மேலே ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், மெல்லிய கம்பிக் கணக்குப்படி கோணேசபுரியில் நண்பகல் எழுச்சி வந்தாறுமூலையில் உள்ளதில் 55 சதவீதமாகக் குறைய வேண்டும். 600 கிலோமீற்றர் நாடாவென்றால் 98 சதவீதம் மிஞ்சும். நிலைக்குத்துக்கூறும் சாட்சி சொல்லும்: கம்பியென்றால் கோணேசபுரியில் அது அச்சின் கீழுள்ள எழுச்சியில் பாதியாக இருக்கும், நாடாவென்றால் காற்பங்குக்கும் குறைவாக. அச்சு வடக்கே தள்ளியிருந்தால் மூன்று எண்களின் வரிசையே அதைக் காட்டிவிடும்.

சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது, கடல். தாரை மாறும்போதெல்லாம் உப்புநீரிலும் நிலத்துக்குள்ளும் தூண்டல் ஓட்டங்கள் எழுகின்றன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட பகுதியில் அவை குவிந்து ஓடுவதைத் தென்னிந்தியக் காந்த அளவீடுகள் காட்டியிருக்கின்றன. கிழக்குக் கரையில் வங்கக் கடலின் ஆழம் கரையை ஒட்டியே தொடங்குவதால் நிலைக்குத்துக்கூறு நிச்சயம் கலங்கும். அதைப் பிரித்தெடுக்கக் கரையோர நிலையங்கள் மட்டும் போதாது. பொலன்னறுவைப் பக்கமாக உள்நாட்டில் இன்னொன்று வேண்டும். வாவி நீரின் உவர்ப்பு, முகத்துவாரம் மணலால் அடைபடும் வரட்சியிலும் அது வெட்டுப்படும் மாரியிலும் ஒன்றல்ல. அந்த மாற்றம் இந்த அளவீட்டைத் தொடுமா என்பதையும் நான்கு நிலையங்களின் ஓராண்டுப் பதிவைக் கொண்டு சோதிக்கலாம். வாவி ஆழமற்றது என்பதால் தொடாது என்பதே என் கணிப்பு.